இட்செலின் மட்டை

…உள்ளே போகாது என்று தெரியும், தெரிந்தேதான் பையில் வைத்துக் கொண்டுவந்தாள், ஆனாலும் அம்பயர் தடிமன் அளக்கிற அந்த உலோக வளையத்தை மட்டையின் தலையில் வைத்து அழுத்தியபோது டெலனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், இறங்கேன், இந்த ஒரு தடவை இறங்கிவிடேன்… இறங்கவில்லை. வளையம் நுனியிலேயே தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அம்பயர் விரலால் அதைச் சுண்டிக் கழற்றிவிட்டு, "இது பேஸ்பால் மட்டை, சாஃப்ட்பால்ல செல்லாது" என்றார், அவளிடம் இல்லை, கோச் நெல்டாவிடம், ஏதோ மட்டையே நடந்து வந்து வரிசையில் நின்றுவிட்டதுபோல. சொந்த அணி உட்கார்ந்திருக்கும் டக்அவுட்டின் பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், யாரென்று திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அது அவர்களுக்கு இன்னொரு சிரிப்பு. கோச் மட்டையை வாங்கிக் கம்பிவலைக்கு மேலே நீட்ட, அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். முப்பத்திரண்டு அங்குலம், இருபத்தொன்பது அவுன்ஸ், மூன்று பருவம் அவள் கையில் இருந்த மட்டை. அதைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் வண்டியைப் பார்த்து நடந்துபோவதைப் பார்க்கையில், ஆஸ்பத்திரியில் சேருகிறவளிடமிருந்து நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது… ஏன் கொண்டுவந்தாள்? அளவு தெரியாதா? போன வாரமே கோச் சொன்னாரே. அடம்தான். வேறென்ன.

"அங்க மாட்டியிருக்கறதுல எது கைக்குச் சரியா வருதோ எடுத்துக்கோ" என்றார் கோச். கம்பிவலையில் ஏழெட்டு மட்டைகள் தலைகீழாகத் தொங்கின, ஊதா, பச்சை, ஒன்று மிட்டாய் நிறத்தில், எல்லாமே ஒல்லி, எல்லாமே நெட்டை, ஒன்றை எடுத்து ஆட்டினால் கையில் எதுவுமே இல்லாத மாதிரி, விளக்குமாற்றுக் குச்சியை ஆட்டுகிற மாதிரி… இருபத்தொரு அவுன்ஸாம். அவளுடைய மட்டை சுழலும்போது அதன் தலை அவளை இழுத்துக்கொண்டு போகும், அவள் பின்னாலேயே போவாள், அந்த இழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தோளுக்கும் இடுப்புக்கும் தெரியும். இது இழுக்கவில்லை. இதை அவள்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சரி, லேசாக இருந்தால் வேகமாக வீசலாமே, வேகமாக வீசினால் நல்லதுதானே, அப்படித்தான் நினைத்தாள், அதை எடுத்துக்கொண்டுதான் முதல் முறை அடிக்கப் போனாள். எதிரணியில் பந்தெறிகிற பிட்சர் பிரையர் என்று ஒருத்தி, இந்தக் காற்றுக்கு வளையாமல் நிற்கிற மின்கம்பம் மாதிரி உயரம், எறியும்போது "ஹெக்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கை காற்றாடி மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது, ஹெக் என்று சத்தமும் வந்தது, பந்து மட்டும் வரவில்லை, டெலனி வீசி முடித்து ஒரு காலில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, சோம்பேறிக் கன்றுக்குட்டி மாதிரி அது மெல்ல வந்து கேட்சரின் கையுறைக்குள் விழுந்தது. மூன்று வீச்சு, மூன்றும் காற்று. திரும்பி நடந்து வரும்போது சொந்த அணிப் பெஞ்சிலிருந்தே ஒரு குரல், இனிப்பாக: "பரவால்ல பூசணி, அடுத்த தடவ பெருசாத் தெரியும்."

பூசணி. அவள் வைத்த பெயர்தான், அவளுக்கே திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் யாரோ கேட்டார்கள், நீ ஏன் சாஃப்ட்பால் ஆடுறதில்ல என்று, கேட்ட பையன்கள் சிரிக்கட்டும் என்றுதானே சொன்னாள், "பூசணிக்காய அடிக்கிற ஆட்டம் எனக்கு வேணாம்" என்று, சாஃப்ட்பால் பந்து பேஸ்பாலைவிடப் பெரியது என்பதற்காக. பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை, இந்த ஆகஸ்டில் முதல் பயிற்சிக்கு வந்தபோது அவள் லாக்கர் பெட்டியைத் திறந்தால் உள்ளே உருண்டையாக ஒரு நிஜப் பூசணி, அதன்மேல் பேனாவால் சாஃப்ட்பாலின் சிவப்புத் தையல் வரைந்திருந்தது, நல்லவேளை சிரித்துத் தொலைத்தாள், சிரித்திருக்காவிட்டால்… சாலைக்கு அந்தப் பக்கம் பையன்கள் மைதானத்திலிருந்து மட்டைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, டிங், டிங், கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள் எது மட்டையின் நடுவில் பட்டது எது விளிம்பில் பட்டது என்று. அங்கே எட்டு வருஷம் ஆடினாள். பின்னலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, யாருக்கும் தெரியாது, இரண்டாவது மூன்றாவது இன்னிங்ஸில் தொப்பி விழும், எதிரணிப் பெற்றோர் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பும், "ஏய், அது பொண்ணுடா", அந்த நொடி! வயிற்றிலிருந்து ஒன்று ஜில்லென்று ஏறி உச்சந்தலையில் போய் நிற்கும். அதற்காகவே சில நாள் தொப்பியை லூசாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்… இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு பையன்களுக்குக் குரல் உடைந்தது, தோள் அகன்றது, பத்தே மாதத்தில் ஒவ்வொருத்தனும் அரையடி வளர்ந்துவிட்டு வந்து நின்றான், அவர்கள் எறிகிற பந்து அவள் கையுறைக்குள் விழுந்தால் உள்ளங்கை சிவந்தது. இந்த வசந்தத்தில் பேஸ்பால் கோச் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார், "உன்ன நீக்கல. ஆனா பெஞ்சுலதான் உக்காருவ. பொய் சொல்ல மாட்டேன்." அவள் ஒரு இரவு யோசித்தாள், பெஞ்சில் உட்காருவதா என்று. அதன்பிறகு இங்கே வந்தாள், வந்த இரண்டாவது வாரத்தில், மூன்றாம் பேஸில் தரையோடு வரும் பந்தை அவள் அள்ளி எறிகிற வேகத்தைப் பார்த்து கோச் நெல்டா அவளை அங்கே நிறுத்தினார், இரண்டு வருஷமாக அங்கே நின்ற இட்செல் பெஞ்சுக்குப் போனாள். பெஞ்சு யாருக்காவது இருக்கத்தானே வேண்டும்… இல்லையா?

இட்செல் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மற்றவர்களாவது கேலி செய்கிறார்கள். இட்செல் வேலாஸ்கோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையை வாயில் அடக்கிக்கொண்டு, ஓடுகளை ஒவ்வொன்றாக ஒரு காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டு, பிரையரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான்கு இன்னிங்ஸ், ஐந்து இன்னிங்ஸ், பாடப்புத்தகம் படிக்கிற மாதிரி. டெலனி இரண்டாம் முறை போகும்போது வேண்டுமென்றே இருப்பதிலேயே கனமான மட்டையை எடுத்தாள், முப்பத்துநான்கு அங்குலம், இருபத்தைந்து அவுன்ஸ், கொஞ்சமாவது பழைய இழுப்பு இருக்கட்டும் என்று. இருந்தது. இருந்து என்ன செய்ய? அப்பா வலைக்குப் பின்னாலிருந்து, "பொறு லேனி, பொறு, பந்து உன்கிட்ட வரட்டும்" என்றார், எட்டு வருஷமாக அதே குரல், நீர்ப்பாய்ச்சும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவிட்டு கிரீஸ் கறையோடு நேராக மைதானத்துக்கு வந்து நின்று சொல்கிற அதே பொறு, அது அவள் முட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது, அவள் பொறுத்தாள், முன்காலை மெல்லத் தூக்கிக் காத்தாள், பேஸ்பாலில் அறுபது அடி தள்ளி நிற்பவன் எறிவதற்கு அது சரி, இங்கே பிரையர் நாற்பத்துமூன்று அடியில் அல்லவா நிற்கிறாள், எறிந்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வேறு வந்துவிடுகிறாள், கால் தரையில் படுவதற்குள் பந்து மார்புக்கு வந்துவிட்டது, வந்ததோடு நிற்காமல் ஏறியது… பந்து ஏறுமா? அவள் வாழ்நாளில் பார்த்த பந்தெல்லாம் கீழேதான் இறங்கியிருக்கிறது. மட்டை பந்தின் அடி வயிற்றை உரசியது, பந்து செங்குத்தாக மேலே போய் காற்றில் சுற்றி கேட்சரின் கையுறையிலேயே இறங்கியது. மாட்டுப்பட்டியின் நாற்றமும், பொட்டலத்தைக் கிழித்து சோளச் சில்லின் மேல் கறிக்குழம்பு ஊற்றி விற்கிற கடையின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின.

இப்போது ஏழாவது இன்னிங்ஸ், கடைசி, அவர்கள் நான்கு ஓட்டம், நாம் மூன்று, இரண்டு பேர் அவுட், இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நம்மவர்கள் ஓடி வரக் காத்து நிற்கிறார்கள், அடுத்து அடிக்க வேண்டியவள் அவள். ஏன் அவள்? கணக்குப்படி அவள்தான், ஆனாலும் ஏன்… கோச் நெல்டா ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார், குட்டையான பெண்மணி, தொப்பியின் விளிம்பு அவள் தாடைக்குத்தான் எட்டும், அண்ணாந்து பார்த்துச் சத்தமில்லாமல் கேட்டார்.

"பந்து உன் கண்ணுக்குத் தெரியுதா? உண்மையச் சொல்லு. தெரியலன்னா தப்பில்ல. இட்செல அனுப்புறேன்."

கோச்சின் தோளுக்கு மேலே பார்த்தாள், இட்செல் எழுந்து நின்றிருந்தாள், தலைக்கவசம் போட்டாயிற்று, கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல், டெலனி. ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பந்து பிரையரின் கையிலிருந்து எப்போது கிளம்புகிறது என்றே உனக்குத் தெரியாது, இரண்டு தடவையும் நீ சத்தத்துக்குத்தான் வீசினாய், ஹெக் என்ற சத்தத்துக்கு. இட்செல் ஐந்து இன்னிங்ஸாக அவளைப் படித்திருக்கிறாள். ஜெயிக்க வேண்டுமென்றால் இட்செல் போகவேண்டும், இது அவளுக்குத் தெரியும், கோச்சுக்கும் தெரியும், அதனால்தான் கேட்கிறார்… சாலையின் அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. பயிற்சி முடிந்து பையன்கள் நான்கைந்து பேர் வலையோரம் வந்து விரல்களைக் கம்பிக்குள் கோத்துக்கொண்டு நின்றார்கள், வியர்த்த தலையோடு, ஒருத்தன் கையை உயர்த்தி "லேனி!" என்று கத்தினான்.

"தெரியுது கோச்" என்றாள்.

கோச் இன்னும் ஒரு நொடி பார்த்தார். பொய் என்று தெரிந்திருக்குமா? "சரி" என்று போய்விட்டார். இட்செல் தலைக்கவசத்தைக் கழற்றினாள், ஆத்திரமாக வீசியெறியவில்லை, பெஞ்சில் வைத்தாள், அதன்பிறகு தன் பையிலிருந்து ஒரு மட்டையை உருவிக்கொண்டு நேராக டெலனியிடம் வந்தாள். கருப்பு, கைப்பிடியில் வெள்ளைப் பட்டை, அங்கங்கே பழுப்பேறியிருந்தது. அவளுடைய சொந்த மட்டை. அதை யாரும் தொடக்கூடாது, தங்கச்சிகூடத் தொட்டதில்லை என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"இத எடுத்துட்டுப் போ. முப்பத்துமூணு, இருபத்துமூணு. நீ எடுத்தது ரெண்டும் தப்பு."

"எதுக்குடி எனக்குத் தர்ற?"

"உனக்கா தர்றேன்? எனக்கு ஜெயிக்கணும்." இட்செல் பிரையர் பக்கம் முகத்தை ஆட்டினாள். "அவ தோளப் பாக்காத. கை சுத்துறதெல்லாம் சும்மா வேடிக்க. பந்து இடுப்புக்கிட்டருந்துதான் வரும், அந்த இடத்த மட்டும் பாரு. அப்புறம் அந்தக் கால இவ்ளோ தூக்காத, நீ தூக்கி இறக்குறதுக்குள்ள நான் போய் சாப்டுட்டு வந்துருவேன்." திரும்பி நடந்தவள் நின்று, "உடைச்ச, கொன்னுருவேன்" என்றாள்.

இடுப்பு. இடுப்பைப் பார். எட்டு வருஷம் தோளைப் பார்த்த கண், அதைப் பிடித்து இறக்கினால் நாய்க்குட்டி மாதிரி மறுபடி மேலே ஓடுகிறது, கை சுற்றத் தொடங்கியதும் கண்ணும் சேர்ந்து சுற்றுகிறது, வேண்டாம், வேண்டாம், கீழே… முதல் பந்து, வீசவே இல்லை, ஸ்டிரைக். "பொறு லேனி!" பொறுக்காதே. அப்பா, தயவுசெய்து வாயை மூடுங்கள், இதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நினைக்கிறாள், நினைத்தது உறைக்கும் முன் அடுத்த பந்து, தரையில் மோதிக் குதித்தது, வீசவில்லை, நல்லது. மூன்றாவது, இடுப்பில் ஒரு மஞ்சள் துண்டு தெரிந்தது, மின்னல் மாதிரி ஒரு கீற்று, தெரிந்தது! அட, தெரிந்தது, வீசினாள், உரசிய பந்து பின்னால் போய் வலையில் மோதியது, பரவாயில்லை, பட்டது, மட்டை கையில் அதிரவில்லை, இது அந்தக் குச்சியும் இல்லை, அந்த உலக்கையும் இல்லை, இதன் தலை எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிகிறது, பட்டையில் இட்செலின் விரல்கள் அழுத்திய பள்ளங்கள் இருக்கின்றன, அவள் விரல்கள் அந்தப் பள்ளங்களில் போய் உட்காருகின்றன… இரண்டு ஸ்டிரைக். இன்னும் ஒன்று மட்டையில் படாமல் போனால் முடிந்தது. மூன்றாம் பேஸில் நிற்பவள் கிளம்பத் தயாராகக் குனிந்து நிற்கிறாள், பெஞ்சில் எல்லோரும் வலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டு மாதிரி கத்துகிறார்கள், அவள் பெயர்தான், பூசணி பூசணி என்றுதான், ஆனால் அதில் விஷம் இல்லை, விஷத்துக்கு இப்போது யாருக்கும் நேரமில்லை. பந்து, விளிம்பில் பட்டு வெளியே. பந்து, மறுபடி விளிம்பு. காற்று செம்மண்ணைக் கிளப்பி முகத்தில் அடித்தது, அம்பயர் கையைத் தூக்கி நிறுத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், காலைத் தூக்காதே, குதிகாலை மட்டும், அவ்வளவுதான், பிரையர் கையைக் கோத்தாள், சுற்றினாள், டெலனி அந்தச் சுற்றைப் பார்க்கவில்லை, உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, வெள்ளைக் காற்சட்டையின் இடுப்பு மடிப்பு, அங்கிருந்து பந்து பிறந்தது, முழுதாக, தையலோடு, ஏறப்போகிறது, ஏறும், ஏறுகிற இடத்துக்கு முன்பே நான் போகிறேன்…

சத்தமே கேட்கவில்லை. கையில் எதுவும் படாத மாதிரி, வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி, அப்படியென்றால் நடுவில் பட்டிருக்கிறது, ஓடத் தொடங்கிவிட்டாள், நான்கு எட்டு ஓடியிருப்பாள், இடப்பக்கம் கண்ணை ஓட்டினால் பந்து ஒரு கோடு மாதிரி போகிறது, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், தலைக்கு மேல், அது போனால் இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள், போகும், போய்விட்டது, அப்போது அங்கே நின்ற எதிரணியின் ஒரு குட்டைப் பெண், இத்தனை நேரம் டெலனி கவனித்தே இராத ஒருத்தி, கையை வானத்தைப் பார்த்து எறிந்த மாதிரி எகிறினாள், கீழே விழும்போது கையுறையின் நுனியில் ஐஸ்கிரீம் உருண்டை மாதிரி பாதி மஞ்சள் பிதுங்கிக்கொண்டிருந்தது. முடிந்தது. அந்தப் பக்கம் கூச்சல், கட்டிப்பிடித்து உருண்டார்கள். முதல் பேஸுக்குப் பாதி வழியில் டெலனி நின்றாள், அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது, அதுதான் கொடுமை, தோற்றாயிற்று, அவள் பொய்யால் தோற்றாயிற்றோ என்னவோ, மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்தவள் வந்து சேரவேண்டிய ஹோம் பேஸ் அருகே மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், இவளுக்கோ உள்ளே பந்து தெரிந்தது, பந்து தெரிந்தது என்று ஒரு குழந்தை குதித்துக்கொண்டிருக்கிறது, முகத்தில் அது தெரிந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு அணியும் வரிசையாக ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுக் கலைந்தன. கோச் நெல்டா "நாளைக்கு நாலு மணி" என்றார். யாரோ போகிற போக்கில் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள், பையன்கள் வலையிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்துப் போனார்கள், கை அசைத்தார்கள், பதிலுக்குத் தானும் அசைத்தாளா என்று நினைவில்லை. பெஞ்சில் இட்செல் மட்டும் உட்கார்ந்து காலணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டெலனி மட்டையை நீட்டினாள். இட்செல் வாங்கித் திருப்பிப் பார்த்தாள், கட்டைவிரல் நகத்தால் ஒரு மண் திட்டைச் சுரண்டினாள்.

"நல்ல அடி" என்றாள். "அவ புடிச்சது அவ அதிர்ஷ்டம்."

"நான் கோச்கிட்ட…" சொல்லித்தான் ஆகவேண்டும், "தெரியுதுன்னு சொன்னது பொய். அப்ப தெரியல. நீதான் போயிருக்கணும்."

"எனக்குத் தெரியும்டி. மைதானத்துக்கே தெரியும்." இட்செல் சிரித்தாள், சிரிப்பில் கோபம் இல்லை, கோபத்தை எங்கோ ரொம்ப நாள் முன்பே இறக்கி வைத்துவிட்டவள் மாதிரி. பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, எழுந்திருக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்தாள். "ஆறாவது படிக்கறப்ப ஒரு நாள், உனக்கு ஞாபகம் இருக்காது. உங்கப்பா வண்டிகிட்ட நின்னுட்டு இருந்த, மட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு. நானும் பேஸ்பாலுக்கு வரலாமான்னு வந்து கேட்டேன்."

"என்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?"

"'அது பொண்ணுங்களுக்கு இல்ல'ன்ன."

"நானா?"

"நீதான். நானும் சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு எங்கம்மா கல்லுல ரொட்டி போட்டுட்டு இருந்தாங்க, நான் சும்மா நின்னுட்டு இருந்தேன், அப்பத்தான் திடீர்னு தோணுச்சு, அட, இவளும் பொண்ணுதானேன்னு." இப்போது வாய்விட்டே சிரித்தாள். வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு வண்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தது, "அம்மா" என்று பையைத் தோளில் மாட்டினாள். "நாளைக்கு அரமணி முன்னாடி வா. அந்தக் காலச் சரி பண்ணலாம்."

இட்செல் போய் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டெலனி தேடினாள், ஆறாம் வகுப்பு, வண்டி, அப்போது நீல வண்டியா சிவப்பு வண்டியா, மட்டைகளை ஏற்றியது நினைவிருக்கிறது, ஏற்றிக்கொண்டேதானே இருந்தாள் அந்த வருஷமெல்லாம், பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்று கேட்டாளா, எப்படி நின்றாள், என்ன உடுத்தியிருந்தாள், ஒன்றுமே வரவில்லை. இல்லை, நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை, இட்செல் யாரையோ நினைத்துக்கொண்டு… ஆனால் அந்த வாக்கியம். அதை எந்தத் தொனியில் சொல்லியிருப்பாள் என்பது காதில் அப்படியே கேட்டது, ஏறெடுத்துப் பார்க்காமல், கொஞ்சம் அலுப்பாக, மட்டைப் பையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. அது அவள் குரல்தான். வேறு யாருக்கும் அந்தக் குரல் கிடையாது. "லேனி, கிளம்பலாமா? நல்லா அடிச்சம்மா, பொறுத்து அடிச்ச" என்று அப்பா மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூப்பிட்டார், வர்றேன்ப்பா என்றாள், வரவில்லை, அங்கேயே நின்றாள்… எட்டு வருஷம். இட்செல் ஒருத்திதான் வந்து கேட்டாளா, இல்லை, வேறு யாரெல்லாம்?